மாதிரியில் எது பொய்?

மலையகத்தில் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி என்றால் மூன்று பொருட்கள் கட்டாயம் இருக்கும். ரெஜிபோமில் வெட்டிச் சிவப்பும் நீலமும் பூசிய இதயம், போத்தலுக்குள் பலூன் தொங்கும் சுவாசப்பை, அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்த்தால் நுரை கக்கும் எரிமலை. ஹட்டனில் போய்ப் பார்த்தாலும் இவைதான், பண்டாரவளையில் போய்ப் பார்த்தாலும் இவைதான். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் நாடா வெட்டுவார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்த விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் போய்விடும். அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அந்த எரிமலை மீது எனக்குத் தீராத எரிச்சல். இலங்கையில் எரிமலையே கிடையாது. போத்தலில் நடப்பது ஓர் அமிலமும் இருகாபனேற்றும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வெளிவரும் தாக்கம். அதை அந்தப் பெயரிலேயே காட்டினால் நல்ல பாடம். மலை உருவத்துக்குள் ஒளித்துவைத்துக் காட்டும்போது பிள்ளைக்கு இரசாயனமும் புரிவதில்லை, புவியியலும் புரிவதில்லை. அடைமழை தொடர்ந்தால் இரவில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் தூங்காமல் மண்மேட்டின் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகள் இவை. இங்கே எரிமலைக்கு மாதிரியுரு இருக்கிறது, மண்சரிவுக்கு இல்லை.

மாதிரியுருக்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. விஞ்ஞான ஆய்வுகூடம் என்ற பெயரில் ஒரு மேசையும் உடைந்த கண்ணாடிக் குழாய்களும் மட்டுமே உள்ள இடங்களில் படிப்பிப்பவர்களுக்கு மாதிரியை விட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் மாதிரி பார்ப்பதற்கான பொருள் அல்ல, குறை சொல்வதற்கான பொருள். ஒரு மாதிரியைச் செய்து முடித்ததும் வகுப்பில் இரண்டு கேள்விகள் கேட்பேன். இது எதைச் சரியாகச் சொல்கிறது? எதில் பொய் சொல்கிறது? முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் விடை இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளையே யோசிக்க வேண்டும்.

முதலில் இலங்கையின் தரைத்தோற்ற மாதிரியைச் சொல்கிறேன். கடதாசிக் கூழில் தீவைச் செய்து, நடுவில் மலைநாட்டைக் குவித்து, பச்சையும் கபிலமும் பூசுவார்கள். இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். பத்து கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்தால் 43 சென்ரிமீற்றர் நீளமான தீவு வரும். மேசையில் வைக்க அளவான பொருள். அந்தத் தீவில் பிதுருதலாகலை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு சாண் என்பார்கள், நான்கு விரல் என்பார்கள். உண்மையான உயரம் 2,524 மீற்றர். அதே அளவுத்திட்டத்தில் அது இரண்டரை மில்லிமீற்றர். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலை அதிலும் குறைவு. கணக்குச் செய்து முடித்ததும் வகுப்பு முழுவதும் முகம் வாடிவிடும். தினமும் மூச்சிரைக்க ஏறி இறங்கும் மலை வெறும் இரண்டரை மில்லிமீற்றரா?

கண்காட்சி மாதிரிகளில் அந்த மலை பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் நிற்கும். அதாவது உயரத்தை மட்டும் ஐம்பது மடங்கு பெருக்கியிருக்கிறார்கள். பத்துப் பாகை சரிவுள்ள சாதாரணத் தேயிலை மலை அந்த மாதிரியில் எண்பது பாகைக்கு மேல் நிமிர்ந்துவிடும். அங்கே கொழுந்து பறிக்க வேண்டுமானால் கயிற்றில் தொங்கித்தான் பறிக்க வேண்டும் என்றாள் ஒரு மாணவி. உயரத்தைப் பெருக்குவது தவறல்ல, பெருக்காவிட்டால் மலையே தெரியாது. எத்தனை மடங்கு பெருக்கினோம் என்று மாதிரியின் ஓரத்தில் எழுதி வைப்பதுதான் நேர்மை. எந்தக் கண்காட்சியிலும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

போத்தல் சுவாசப்பை மிக நல்ல மாதிரி. அடியை வெட்டிய பிளாஸ்டிக் போத்தல், மூடி வழியாக உள்ளே போகும் குழாய், குழாய் நுனியில் பலூன், அடியில் இழுத்துக் கட்டிய இன்னொரு பலூனின் தோல். அடித்தோலைக் கீழே இழுத்தால் உள்ளே கனவளவு கூடும், அமுக்கம் குறையும், வெளிக்காற்று பலூனுக்குள் வரும். மூச்சை இழுப்பது சுவாசப்பை அல்ல, அதைச் சுற்றியுள்ள இடம் பெரிதாவதால் காற்று தானே வருகிறது என்ற விடயத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பல ஆசிரியர்கள் இத்துடன் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும்.

எது பொய் என்று கேட்டதும் முதலில் அமைதியாக இருப்பார்கள். ஆசிரியர் செய்த பொருளைக் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். கையை நெஞ்சில் வைத்து மூச்சு விடச் சொல்வேன். அதன் பிறகு வரத் தொடங்கும். “டீச்சர், எங்கள் நெஞ்சு அசைகிறது, போத்தல் அசையவில்லை.” விலா எலும்புகளின் வேலை அப்படியே மாதிரியில் இல்லை. “பலூனைச் சுற்றி நிறைய இடம் வெறுமையாக இருக்கிறது.” நிசத்தில் சுவாசப்பை மார்புச் சுவரோடு ஒட்டியே இருக்கும், நடுவில் மெல்லிய திரவப் படலம் மட்டுமே. “பலூன் முழுதாகச் சுருங்கிவிடுகிறது.” எவ்வளவு ஊதினாலும் மனிதரின் சுவாசப்பையில் ஒரு லீற்றருக்கு மேல் காற்று மிஞ்சியிருக்கும். போத்தலின் அடித்தோல் காட்டுவது பிரிமென்றகட்டை, அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை. அதைப் பற்றிய பொய்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. மாதிரியில் அது ஓய்வில் தட்டையாக இருந்து கீழே வளைகிறது. உடலில் ஓய்வில் மேல்நோக்கிக் குவிந்திருந்து, சுருங்கும்போது தட்டையாகிறது. இதை ஒரு பையன் படத்தையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தான். சாதாரண தரப் பரீட்சைக்குத் தேவையான எல்லாமே இந்தக் குறைகளுக்குள் அடங்கிவிடுகிறது. பாடத்திட்டம் முடியவில்லை, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

ரெஜிபோம் இதயத்தின் நீல நிறத்துக்கும் ஒரு வார்த்தை. ஒட்சிசன் குறைந்த குருதி நீல நிறம் என்று நம்பிக்கொண்டு உயர்தரம் வரை போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது கரும் சிவப்பு. நீலம் நாம் பூசிய அடையாளம் மட்டுமே.

நிறம் ஏமாற்றும் கதைக்கு நல்ல வரலாறும் உண்டு. 1865இல் லண்டனில் ஹொஃப்மன் என்ற இரசாயனவியலாளர், புல்வெளி விளையாட்டான குரோக்கேயின் பந்துகளைக் கம்பிகளில் கோத்து மூலக்கூறுகளைக் காட்டினார். காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, ஒட்சிசன் சிவப்பு, நைதரசன் நீலம், குளோரீன் பச்சை. இன்றும் பாடப்புத்தகப் படங்கள் ஏறக்குறைய இதே நிறங்களில்தான் வருகின்றன. அணுவுக்கு நிறமே இல்லை என்று சொன்னால் தரம் 10 பிள்ளை நம்ப மறுக்கிறது. நிறத்தைவிடப் பெரிய பொய் ஒன்று அந்தப் பந்துகளில் இருந்தது. ஹொஃப்மனின் மெதேன் தட்டையாக இருந்தது, நான்கு ஐதரசனும் ஒரே தளத்தில். காபனின் நான்கு பிணைப்புகளும் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியின் நான்கு மூலைகளை நோக்குகின்றன என்று வான்ட் ஹொஃப்பும் லெ பெல்லும் தனித்தனியே சொன்னது 1874இல். வான்ட் ஹொஃப் கடதாசி அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகள் செய்து மற்ற விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். எங்கள் வகுப்பில் அட்டைகூடத் தேவையில்லை. ஊதிய நான்கு பலூன்களை முடிச்சுப் பக்கமாகச் சேர்த்துக் கட்டினால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாமாகவே நான்முகியாக நிற்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம். தட்டையாக வைக்க எவ்வளவு முயன்றாலும் துள்ளிக்கொண்டு பழைய நிலைக்கே வரும்.

தொலைபேசியில் காட்டும் அசைவூட்டங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அழகாக இருக்கின்றன, சிக்னல் கிடைக்கும் நாட்களில் நானும் காட்டுகிறேன். ஆனால் அழகான படத்தில் பொய்யைத் தேடப் பிள்ளைக்குத் துணிவு வருவதில்லை. கோணல்மாணலான போத்தலில் வருகிறது.

மண்சரிவு மாதிரிக்கு நான் வந்தது இந்த வழியில்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லய வரிசைகளே மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருடங்கள் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த தோட்டம் அது. எங்கள் பாடத்திட்டத்தில் மண்சரிவு ஒரு பந்தியாக வரும், காரணங்கள் நான்கு, தடுக்கும் வழிகள் நான்கு. பிள்ளைகள் எழுதி முழுப் புள்ளியும் வாங்குவார்கள்.

மீன்காரரிடம் பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினோம். தண்ணீர் ஒழுகாது, ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் கண்ணாடி இல்லாமலே சரிவைப் பார்க்கலாம். பாடசாலைக்குப் பின்னால் இருந்த சிவப்பு மண்ணை நிரப்பி, முப்பது பாகை அளவில் சரித்து, மூடியில் துளைகள் இட்ட போத்தலால் மழை பெய்வித்தோம். காய்ந்த மண், ஈர மண், தண்ணீர் ஊறித் ததும்பிய மண் என்று மூன்று விதமாக. காய்ந்த பொடி மண் தன் பாட்டில் உதிர்கிறது. கொஞ்சம் ஈரம் பட்ட மண் எதிர்பார்த்ததைவிட உறுதியாக நிற்கிறது. தண்ணீர் மட்டம் ஏறி மண்ணின் துளைகள் எல்லாம் நிரம்பியதும், அதுவரை நின்ற அதே மண் நகர்ந்து வருகிறது.

தண்ணீர் பட்டால் வழுக்கும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அப்படியானால் ஈர மண் ஏன் காய்ந்த மண்ணைவிட நன்றாக நின்றது? இந்தக் கேள்விக்கு வகுப்பு வெகுநேரம் சண்டை போட்டது. மண் மணிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் உராய்வு இருக்கிறது. துளைகளில் தண்ணீர் நிரம்பி அதன் அமுக்கம் கூடும்போது, மேலே உள்ள சுமையில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்கத் தொடங்குகிறது. மணிகளுக்கு இடையிலான அழுத்தம் குறைகிறது, உராய்வும் கூடவே குறைகிறது. வழுக்குவது அல்ல, பிடி விடுவது.

பிறகு ஒவ்வொரு குழுவும் சரிவை மாற்றத் தொடங்கியது. ஒரு குழு அடியை வெட்டியது, வீடு கட்ட மேட்டை வெட்டுவது போல. இன்னொரு குழு புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து பதித்தது. மழைநீர் வடியக் கான் வெட்டலாம் என்று சொன்னவன் தோட்டத்தில் கான் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். அவன் குழுவில் மற்றவர்கள் மேலிருந்து கீழே நேராகக் கான் இழுக்கப் பார்த்தார்கள். அவன் விடவில்லை. மலைக்குக் குறுக்காக, இலேசான சாய்வோடுதான் போக வேண்டும், நேரே விட்டால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும் என்றான். விரலால் அப்படியே கீறிக் காட்டினான். அவன் கான் வேலை செய்தது. அடுத்த மழைக்கு யாரோ குறும்பாகக் கானில் இலைகளை அடைத்துவிட, தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளே இறங்கி, சரிவு சரியாக அந்த இடத்தில் உடைந்தது. தோட்டங்களில் ஆள் குறைந்து கான்கள் தூர்ந்து கிடப்பதைப் பற்றி அன்று அந்தப் பையன் பேசியதை எந்த ஆசிரியர் வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை.

இனி பொய்கள். இங்கேதான் இந்தக் கேள்வி வெறும் வகுப்பறை விளையாட்டு அல்ல என்று எனக்கே உறைத்தது. ஒரு பிள்ளை கேட்டது: “பெட்டியில் செங்குத்தாக வெட்டினோம், விழவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்படித்தான் வெட்டினார்கள், அது ஏன் விழுந்தது?” அந்தக் கேள்வி வராமல் வகுப்பு கலைந்திருந்தால், செங்குத்தாக வெட்டினாலும் மண் நிற்கும் என்ற பாடத்தை அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கும். நினைத்தால் பயமாக இருக்கிறது.

மண்ணின் ஒட்டும் தன்மை பெட்டியிலும் மலையிலும் ஒன்றுதான். ஆனால் சுமை உயரத்தோடு கூடுகிறது. அரை மீற்றர் மண்ணின் அடியில் உள்ள அழுத்தத்தைப் போல நூறு மடங்கு ஐம்பது மீற்றர் மண்ணின் அடியில். அதனால் சின்ன மாதிரி எப்போதும் உண்மையான மலையைவிடப் பலசாலியாகத் தெரியும். பொறியியலாளர்கள் இதற்காகவே மண் மாதிரியைப் பெரிய சுழலியில் வைத்துச் சுற்றுகிறார்கள். புவியீர்ப்பைப் போல நூறு மடங்கு விசை வரும் வேகத்தில் சுழற்றினால் அரை மீற்றர் மாதிரி ஐம்பது மீற்றர் சரிவைப் போல நடந்துகொள்ளும். எங்களிடம் சுழலி இல்லை. “இந்தப் பெட்டி மலையைவிடப் பலமானது” என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டினோம்.

பாடம் பெட்டியோடு நிற்கவில்லை. நேரான பக்கங்கள் உள்ள போத்தலை வெட்டி, அளவுகோல் ஒட்டி, மழைமானி செய்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லும் எல்லைகள் எளிமையானவை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். 75 மில்லிமீற்றர் என்றால் விரல் நீளம்தானே என்று பிள்ளைகள் அலட்சியமாகப் பார்த்தார்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். ஒரு ஹெக்டெயர் மலையில் 75 மில்லிமீற்றர் என்றால் ஏழரை இலட்சம் லீற்றர், 750 தொன் தண்ணீர். கரும்பலகையில் அந்தக் கணக்கு முடிந்தபோது யாரும் அலட்சியமாக இல்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது ஆகியவற்றை மழை குறைவாகக் காட்டும்போதும் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். மழைமானியும் ஒரு மாதிரிதானே, அதற்கும் பொய் உண்டு. அது ஒரு முற்றத்து மழையைச் சொல்லும், மலை உச்சியில் பெய்ததைச் சொல்லாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களைக் கிழித்துப்போட்ட பிறகு இந்தப் பாடத்தை அப்படியே நடத்த முடியவில்லை. முன்பெல்லாம் சரிவில் தீப்பெட்டிகளை வைத்து லயம் என்போம். இப்போது நான் வைப்பதில்லை. வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் அவர்களே வைக்கட்டும். பெட்டியைப் பார்க்க விரும்பாத பிள்ளை மழைமானிக் குழுவில் இருக்கலாம், காரணம் கேட்க மாட்டேன். மாதிரி வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் வகுப்பில் இருக்க வேண்டும். கண்காட்சிக்கு இதை எடுத்து வையுங்கள் என்று கேட்டார்கள், மறுத்துவிட்டேன்.

மின்னோட்டப் பாடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இப்போது அதில்தான் இருக்கிறேன். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீர்மின் உற்பத்தி கண்ணால் கண்டது. மேல் கொத்மலை நீர்த்தேக்கம் பஸ்ஸிலிருந்தே தெரியும். அங்கிருந்து தண்ணீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் ஓடி, நிலத்தடி நிலையத்தில் மின்பிறப்பாக்கிச் சுழலிகளைச் சுழற்றி, 150 மெகாவாற்று வரை தருகிறது. ஆகவே மின்னோட்டத்தைத் தண்ணீர்க் குழாய் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். மின்குமிழ் தூரத்தில் இருந்தால் வெளிச்சம் பிந்தி வரும் என்கிறார்கள். மின்குமிழ் மின்னோட்டத்தைக் குடித்துவிடும், திரும்பும் கம்பியில் குறைவாகத்தான் போகும் என்கிறார்கள். குழாய் மாதிரியிலிருந்து பார்த்தால் இரண்டும் நியாயமான முடிவுகள்.

அதனால் கயிறு. நைலோன் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, பிள்ளைகள் வட்டமாக நின்று விரல்களுக்கிடையில் தளர்வாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளை மின்கலம், கயிற்றை இழுத்து ஓடவிடும். எதிரே ஒரு பிள்ளை மின்குமிழ், கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். மின்கலம் இழுத்த அந்தக் கணமே எல்லோருடைய கையிலும் கயிறு நகர்கிறது. மின்குமிழின் கை மட்டும் சுடுகிறது, கயிறோ ஓர் அங்குலமும் குறையவில்லை. கம்பியில் இலத்திரன்கள் உண்மையில் மிக மெதுவாகவே நகர்கின்றன. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செப்புக் கம்பியில் ஓர் அம்பியர் ஓடினால், ஒரு மீற்றர் நகர ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் ஆகும். மின்குமிழ் உடனே எரிவதற்குக் காரணம் கயிறு ஏற்கெனவே வட்டம் முழுவதும் இருப்பதுதான்.

வழமைபோல எது பொய் என்று கேட்டேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லையே, செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறதே என்றான் ஒருவன், தனியார் வகுப்பில் படித்திருக்கிறான். சரி, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்போம் என்றேன். இழுத்தார்கள். கயிறு எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. மின்குமிழாக நின்ற பிள்ளையின் கை அப்போதும் சுட்டது.

“அப்படியென்றால் கொத்மலையிலிருந்து ஓர் இலத்திரன்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லையா டீச்சர்?”

வரவில்லை என்றேன்.

“பிறகு எதற்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறோம்?”

வகுப்பு சிரித்தது. நான் வாய் திறப்பதற்குள், கையை ஊதிக்கொண்டிருந்த மின்குமிழ்ப் பிள்ளை சொன்னாள்: “இந்தச் சூட்டுக்கு.”